சத்தம் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

"சத்தம் வராத ஹவுசிங்கைத் திறக்காதே." மலையடிவார ஒர்க்‌ஷாப்புகளில் இந்த வாக்குக்கு இருக்கும் மரியாதை வேறெந்த அறிவுரைக்கும் இல்லை. போடியிலும் பொள்ளாச்சியிலும் கேட்டுப் பாருங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுவார்கள். கிளட்ச் பிளேட் எப்போது போட்டது என்று ரசீது பார்க்காமலே சொல்வார்கள். பின் ஆக்சிலின் அந்த ஹவுசிங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "அது கம்பெனி செட்டிங் சார், கை வெச்சாத்தான் கெடும். சத்தம் வரட்டும், பாத்துக்கலாம்" என்பார்கள். வார இறுதியில் தார், கூர்க்கா, ஜிம்னி என்று ஆற்றுப் படுகையில் இறங்கும் நகரத்து இளைஞர்கள் இதையே சற்று நாகரிகமாகச் சொல்கிறார்கள்: கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரட்டும்.

இரண்டுமே தவறு என்பது என் வாதம். கரட்டுப் பாதையில் ஓடும் வண்டியின் பின் ஆக்சிலுக்குக் கிலோமீட்டரும் அளவுகோல் ஆகாது, சத்தமும் ஆகாது. எத்தனை முறை சூடேறி, எத்தனை முறை தண்ணீரில் இறங்கி ஆறியது என்பதை வைத்துத்தான் அதன் வயதைக் கணக்கிட வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கசிகிற ஆயில் சீல் பெரும்பாலும் வேறு யாரோ செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறது. சீலை மட்டும் மாற்றி வண்டியை அனுப்புகிறவர் அந்தக் குற்றத்தை விசாரிக்கவே இல்லை.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். அந்த அறிவுரை சும்மா பிறக்கவில்லை. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் சக்கரம், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் பல் பொருந்தும் இடம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு நகர்ந்தாலே ஊளையிடத் தொடங்கிவிடும். பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியான பேக்லாஷைப் பார்க்க டயல் கேஜ் வேண்டும். பற்களில் சாயம் பூசித் தடம் பார்க்க வேண்டும். ஷிம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல், "கையால ஆட்டிப் பாத்தேன், கரெக்டா இருக்கு" என்று மூடிக் கொடுக்கப்பட்ட ஹவுசிங்குகள் ஏராளம். அதில் சூடுபட்டவர்கள்தான் தொடாதே என்றார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிரவுன் பினியன் செட்டிங்கைக் காரணமில்லாமல் அவிழ்க்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிலை வடிப்பதும் காற்றுத் துளையான பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் செட்டிங்கைத் தொடுகிற வேலை அல்ல. ஒரு பிளக்கைத் திருகி எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பவரையும், கேரியரைக் கழற்றி மேசைமேல் வைப்பவரையும் ஒன்றாக நிறுத்தி இருவரையுமே தடுத்ததுதான் இந்த அறிவுரை செய்த கெடுதல்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். பேரிங்கின் உருளைகளும் அவை ஓடும் வளையமான ரேஸும் ஒரே நாளில் தேய்ந்து போவதில்லை. சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் எஃகின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய விரிசல் பிறக்கிறது. அது வளர்ந்து மேலே வரும்போது சிறு செதில் ஒன்று உதிர்கிறது. அந்தக் குழியின் விளிம்பில் அடுத்த செதில். இப்படிக் குழிகள் பெருகி, உருளைகள் அவற்றின்மேல் தட்டித் தட்டி ஓடும்போதுதான் நம் காதுக்கு ஏதோ கேட்கிறது. அதற்குள் உதிர்ந்த எஃகுச் செதில்கள் சும்மா இருப்பதில்லை. பினியன் பேரிங், கேரியர் பேரிங், கிரவுன் பற்கள் எல்லாம் குளிப்பது ஒரே எண்ணெயில்தான். ஒன்றில் உதிர்ந்தது மற்றதில் நசுங்கும். மலைப்பாதை வண்டியில் அந்தச் சத்தம் நேரத்துக்குக் காதில் விழுமா என்பதும் சந்தேகம். மட் டயர் போட்டிருப்பவரைக் கேளுங்கள்: தார்ச்சாலையில் அந்த டயர் போடும் இரைச்சலுக்கும் வீல் பேரிங்கின் முனகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே பெரிய வித்தை. அதோடு டீசல் என்ஜின், படபடக்கும் படுதா, பின்னால் உருளும் சாமான்கள்.

தண்ணீர் சேர்ந்தால் இந்தக் கதை எவ்வளவு வேகமாக முடியும் என்பதற்குப் பழைய ஆய்வொன்று உண்டு. பேரிங் செய்வதையே தொழிலாகக் கொண்ட டிம்கன் நிறுவனத்தின் கேன்ட்லி என்பவர் 1977இல் வெளியிட்டது. கூம்பு உருளை பேரிங்குகளை வெவ்வேறு அளவு நீர் கலந்த எண்ணெயில் ஓட்டிப் பார்த்தார். எண்ணெயில் 0.01 விழுக்காடு நீர் இருக்கும்போது கிடைக்கும் ஆயுளை ஒன்று என்று வைத்துக்கொண்டால், அது 0.04 விழுக்காடு ஆனபோது ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கியது. அவர் தந்த சூத்திரத்தில் 0.1 விழுக்காட்டைப் போட்டால் ஆயுள் நான்கில் ஒரு பங்குதான். இரண்டு லிட்டர் ஆயில் பிடிக்கும் ஆக்சிலில் 0.1 விழுக்காடு என்பது 2 மில்லி லிட்டர். அரை டீஸ்பூனுக்கும் குறைவு. அவருடைய சோதனை மெல்லிய எண்ணெயில் நடந்தது, நம் கியர் ஆயிலில் வேறு சேர்மானங்கள் இருக்கின்றன, ஆகவே எண் அப்படியே பொருந்தாது என்று வாதிடலாம். சரி. திசையாவது பொருந்தும் அல்லவா? ஆயில் பால் விட்ட டீயின் நிறத்துக்கு மாறினால்தான் தண்ணீர் புகுந்ததாகப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நிறம் வருவதற்கு எத்தனையோ முன்பே பேரிங்கின் ஆயுள் கரையத் தொடங்கியிருக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? "சீல் நல்லாத்தானே இருக்கு, எங்கிருந்து போகும்?" என்று கேட்பவர்கள் ஆக்சில் ஹவுசிங்கின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தொப்பியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் சேறு அப்பிய ஏதோ ஒரு குமிழ் என்று விட்டிருப்பார்கள். அதுதான் பிரீதர். ஓட ஓட ஹவுசிங் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அந்தக் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். ஆறும்போது வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அந்தத் துளை சேற்றால் அடைபட்டால் ஹவுசிங் ஒரு மூடிய பாத்திரம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஏற்றம் ஏறி 80 டிகிரிக்குச் சூடான ஹவுசிங் ஆற்றில் இறங்கி 25 டிகிரிக்கு ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று உள்ளே வர வழி இல்லையென்றால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறையும். ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கு அது சமம். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தாலும் சரி, ஆக்சிலின் சீல்கள் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் நிற்பதைப் போன்ற இழுவையைத் தாங்க வேண்டும். ஆயில் சீலின் உதடு உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே விடாதபடி உள்நோக்கி வளைந்தது. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் ஷாஃப்ட்டோடு இறுகும். வெளியிலிருந்து வந்தால் விலகிக் கொடுக்கும். குறை சீலுடையது அல்ல. அது அந்த வேலைக்காகச் செய்யப்படவில்லை.

மலையில் இன்னொரு விளையாட்டும் நடக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிரீதர் அடைபட்ட ஆக்சில் மலை ஏறும்போது வெளியழுத்தம் குறைகிறது, உள்ளே சூட்டால் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து எண்ணெயைப் பினியன் சீல் வழியாகவும் வீல் சீல் வழியாகவும் வெளியே தள்ளுகின்றன. இறங்கி வந்து ஆறும்போது எல்லாம் தலைகீழ்: உள்ளே இழுவை. மேலே போன வண்டியின் சக்கரத்தில் எண்ணெய் வழிந்திருப்பதைப் பார்த்து, "சீல் போயிடுச்சு" என்று புதுச் சீல் அடித்து அனுப்புகிறார்கள். அடுத்த பயணத்திலும் வழிகிறது. "டூப்ளிகேட் சீல் சார், கடைக்காரன் ஏமாத்திட்டான்." டூப்ளிகேட் சீல்கள் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஹவுசிங்கின் தலையில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு துளைக்காக எத்தனை கடைக்காரர்கள் திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பரிகாரம் வெட்கப்படும் அளவுக்கு மலிவு. அந்தத் தொப்பியைக் கழற்றி டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். அதற்குப் பதிலாக ஒரு நிப்பிளைப் பொருத்தி, எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் குழாயைச் சேஸிஸ் வழியாக மேலேற்றிப் பின்விளக்கு உயரத்தில் வாய் கீழ்நோக்கியிருக்கும்படி கட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஆக்சில் மேலும் கீழும் ஆடுமல்லவா, அதற்குக் குழாயில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆறு கடந்து போகும் லேண்ட் குரூசர்காரர்கள் வண்டி வாங்கியதும் செய்யும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று. நம் ஊரில் விளக்கு, விஞ்ச், பெரிய டயர் எல்லாம் மாட்டிய பிறகும் பிரீதர் பழைய இடத்திலேயே சேறு தின்றுகொண்டிருக்கும்.

ஆறே கடக்காதவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்கிய கையோடு வண்டியை வாட்டர் சர்வீசுக்கு விடும் பழக்கம் நமக்கு உண்டு. சூடு ஆறாத ஹவுசிங்கின்மேலும், சக்கரத்தின் உட்புறச் சீல்மேலும் அதிவேக ஜெட்டைக் கிட்டத்தில் பிடித்து அடிக்கிறார்கள். சேறு போக வேண்டும், சரிதான். அரை மணி நேரம் வண்டியை ஆற விட்டுவிட்டு, சீல் இருக்கும் இடங்களை வெறும் குழாய்த் தண்ணீரால் கழுவினால் அது போகாதா?

சீலுக்கும் பேரிங்குக்கும் இருக்கும் உறவுதான் இந்த வாதத்தின் மையம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாதாரண ஆயில் சீல், சுழலும் ஷாஃப்ட்டின் ஆட்டத்தைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பொறுக்கும். அதற்கு மேல் ஷாஃப்ட் துள்ளினால் உதடு அதைப் பின்தொடர முடியாது, இடைவெளி விழும். ஷாஃப்ட்டைத் துள்ளாமல் பிடித்திருப்பது பேரிங். ஆகவே பேரிங்கில் பிளே வந்தால் முதலில் தோற்பது சீல். சத்தம் வருவதற்கு வெகு முன்னரே கசிவு வந்துவிடும். கசிவைக் கண்டதும் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டி, உள்ளும் வெளியும் இழுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் சீலை மட்டும் அடிப்பவர், பேரிங் தந்த எச்சரிக்கையைத் துடைத்து எறிகிறார். பேரிங் நன்றாக இருந்தாலும், பழைய சீலின் உதடு ஓடிய இடத்தில் ஷாஃப்ட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பது அவசியம். மணல் கலந்த சேறு உதட்டில் ஒட்டிக்கொண்டால் எஃகையே அறுக்கும். அந்தக் கோட்டின்மேல் புதுச் சீல் உட்கார்ந்தால் புதுச் சீலும் கசியும். சீலைக் கொஞ்சம் தள்ளி அடித்து உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம், அல்லது மெல்லிய எஃகு உறையொன்றை ஷாஃப்ட்டில் ஏற்றலாம். ஸ்குரூ டிரைவரையும் சுத்தியலையும் வைத்து ஒரு பக்கமாகத் தட்டித் தட்டி ஏற்றிய சீல், உட்கார்வதற்கு முன்பே கோணிப்போயிருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

எல்லா ஆக்சிலும் ஒன்று என்று நினைப்பதும் இந்தப் பொதுக்கருத்தின் ஒரு பகுதி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீல் பேரிங்குக்கு உயவு எங்கிருந்து வருகிறது? பழைய ஜீப் வழியில் வந்த ஆக்சில்களில் வீல் முனையில் இருக்கும் கூம்பு உருளை பேரிங் கிரீஸில் வாழ்கிறது. டிஃபரென்ஷியல் ஆயில் அந்தப் பக்கம் வராமல் உட்புறச் சீல் தடுக்கும். அந்தச் சீல் போனால் கியர் ஆயில் வந்து கிரீஸைக் கழுவிக்கொண்டு டிரம்முக்குள் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆயில் கசிவு. உள்ளே பேரிங் கிரீஸ் இழந்து நிற்கிறது. ராங்லர்கள் சிலவற்றில் வந்த டானா 35 போன்ற ஆக்சில்களில் பேரிங்குக்குத் தனி உள்ரேஸ் கிடையாது. உருளைகள் நேரே ஷாஃப்ட்டின்மேல் ஓடுகின்றன, உயவு டிஃபரென்ஷியல் ஆயிலிலிருந்து வருகிறது. அங்கே ஆயில் குறைந்தாலோ கெட்டாலோ பேரிங்கோடு ஷாஃப்ட்டும் குப்பைக்குப் போகும். ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரு சி வடிவக் கிளிப் என்பதால், ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் அதோடு வெளியே நடந்து போய்விடும். ஜிப்சி, ஹைலக்ஸ் போன்றவற்றில் பேரிங்கை ஒரு ரிட்டெய்னர் வளையம் ஷாஃப்ட்டோடு இறுகப் பிடித்திருக்கும். பிரஸ் இல்லாமல் அதை மாற்ற முடியாது. அதனாலேயே வழியோர ஒர்க்‌ஷாப்புகளில் "பேரிங் நல்லாருக்கு, சீல் மட்டும் போதும்" என்ற தீர்ப்பு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வண்டியின் எடையை ஷாஃப்ட்டின்மேல் ஏற்றாத ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் இருந்தால் இந்தப் பயத்தில் பாதி குறையும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பிலும் டிஃபெண்டரிலும் பின்னால் இருந்தது அதுதான். நம் மலைகளில் இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கசிவை "கொஞ்சம் ஈரம்தான்" என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த ஈரம் எங்கே போகிறது? வீல் சீலுக்கு அடுத்த அறை பிரேக் டிரம். பொலிரோ, மூன்று கதவுத் தார், கூர்க்கா, ஜிப்சி எல்லாவற்றிலும் பின்னால் டிரம் பிரேக்தான். கியர் ஆயில் லைனிங்கில் ஊறினால் அந்தப் பக்கம் பிடிமானம் போகும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூவை நம்பித்தான் இருக்கிறது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டும் வழக்கத்தை நான் பார்த்த இடங்களிலெல்லாம் அதைச் சிக்கனம் என்றுதான் சொன்னார்கள். மேற்பரப்பு காய்ந்துவிடும். உள்ளே ஊறிய எண்ணெய் முதல் இறக்கத்தில் சூடு ஏறியதும் மறுபடி மேலே வரும், அதுவும் பிரேக் மிக அவசியமான நேரத்தில். ஷூவை மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து. இதில் பேரம் பேச இடமில்லை.

"தொண்ணூறுக்குப் பதிலா நூத்தி நாப்பது ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்." இதுவும் அதே பள்ளிக்கூடத்துப் பாடம். அடங்கும், உண்மைதான். 140 ஆயில் 90 ஆயிலைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாகானது. தேய்ந்த பற்களுக்கு நடுவே தடித்துக் கிடந்து ஊளையை மழுங்கடிக்கும். கனரக வண்டிகளுக்கும், தயாரிப்பாளரே கேட்டிருக்கும் இடங்களிலும் 140 சரிதான். சத்தத்தை மறைப்பதற்காக ஊற்றுவதுதான் பிரச்சினை, ஏனென்றால் மலை ஏறும் ஆக்சிலுக்குள் நடப்பது வேறு. பினியனைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளில் முன்னால் இருப்பது எண்ணெய்த் தேக்கத்திலிருந்து எட்டத்தில் இருக்கிறது. கிரவுன் சக்கரம் சுழலும்போது வாரி இறைக்கும் எண்ணெய், ஹவுசிங்கில் அதற்கென்றே விட்டிருக்கும் வாய்க்கால் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். கொழுக்குமலைப் பாதை போன்ற ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கும். முன் பேரிங் இன்னும் உயரே போய்விடும். வேகமோ மணிக்கு 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கிரவுன் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 சுற்றுதான் சுழலும், எண்ணெயை வாரி இறைக்கும் தெம்பு அதற்கு இருக்காது. சுமை மிக அதிகமாக இருக்கும் நேரமும் அதுதான். இந்த நிலையில் அளவும் குறைந்து, குளிர்ந்த காலையில் நகரவே மறுக்கும் பாகும் சேர்ந்தால் முன் பினியன் பேரிங் காய்ந்தே ஓடும். சமதளத்தில் "கொஞ்சம் குறைஞ்சா பரவால்ல" என்று சொல்லலாம். மலை வண்டிக்கு அந்தக் கொஞ்சம்தான் எல்லாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். அதற்கு மேல் அழுத்தி ஊற்றுவதும் தவறு. கடையப்பட்டுச் சூடேறி அதுவும் சீலைத்தான் முட்டும்.

தொண்ணூறு என்று கேட்டு வாங்குவதும் பாதி விவரம்தான். அந்த எண் பாகுநிலையை மட்டும் சொல்கிறது. இந்த ஆக்சில்களில் இருப்பது ஹைப்பாய்டு கியர். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழியாமல் காக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மானம் வேண்டும். டப்பாவில் ஜிஎல்-5 என்று போட்டிருப்பது அதைத்தான். அதே ஆயிலைக் கியர்பாக்ஸிலும் ஊற்றினால், பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ள பழைய பெட்டிகளுக்கு ஒத்துவராமல் போகலாம். ஒரே டின்னில் இரண்டையும் முடித்துவிடும் சிக்கனம் ஏதோ ஒன்றைக் கெடுக்கும்.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்: "எங்க தாத்தா ஜீப்பு இருபது வருஷம் ஓடுச்சு, ஹவுசிங் ஆயில் ஒரு தடவை கூட மாத்துனதில்ல." நம்புகிறேன். ஆனால் அந்த ஜீப் நின்ற இடத்தில் தரையைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய ஜீப்புகள் ஓயாமல் ஒழுகின, ஓயாமல் ஊற்றினார்கள். வடிக்காமலே, வருடத்துக்கு ஒரு முறை ஆயில் முழுக்கப் புதுசாகிக்கொண்டிருந்தது! இன்றைய ஆக்சில் அப்படி ஓயாமல் ஒழுகுவதில்லை. உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது, தண்ணீரும் சேர்ந்து. அதோடு, இருபது வருடம் ஓடிய ஜீப்பைப் பற்றித்தான் பேரன் பேசுவான். ஹவுசிங் உடைந்து பழைய இரும்புக்குப் போன ஜீப்பைப் பற்றிப் பேச யாரும் இருப்பதில்லை.

நகரத்துக்காரர் காட்டும் கையேட்டு வாதம் இதைவிட மெலிந்தது. அவர் படித்தது ஒரு பத்தியை மட்டும். பல கையேடுகளில் கடுமையான பயன்பாட்டுக்குத் தனிப் பத்தி இருக்கும். ஆக்சில் தண்ணீரில் மூழ்கினால் ஆயிலைச் சோதிக்கவும், நீர் கலந்திருந்தால் மாற்றவும் சொல்லியிருக்கும். ஆற்றில் இறங்கும் காட்சியைப் படம் பிடித்து மகிழ்கிறவர், தான் அந்தப் பத்திக்கு உரியவர் என்று ஏனோ நினைப்பதில்லை. சில ஆக்சில்களில் வடிக்கும் பிளக்கே கிடையாது. "வடிக்க வேண்டாம்னுதானே கம்பெனி ஓட்டையே வைக்கல" என்கிறார்கள். ஒரு பிளக்கைக் குறைத்தால் தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான். மூடியைக் கழற்றலாம், அல்லது ஊற்றும் துளை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சலாம். ஆயுட்காலத்துக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்ற விளம்பரமும் அப்படித்தான். யாருடைய ஆயுட்காலம் என்று கேட்டால் வாரண்டி அட்டையைக் காட்டுவார்கள்.

தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். 2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்படும் வரை வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் கடல்நீரிலும் நீந்தித்தான் போய் வந்தன. உப்புநீர் புகுந்த பேரிங்குக்கு ஓட்டம்கூட வேண்டாம். இரவு முழுக்க நின்றாலே உருளை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ரேஸில் துரு கோடு போடும், மறுநாள் முதல் அந்தக் கோட்டிலிருந்து செதில் உதிரும். கடற்கரை மணலில் விளையாட வண்டி எடுத்துப் போகிறவர்கள் வீடு திரும்பி அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைப்பது, ஓட்டித் திரிவதைவிட மோசம்.

அப்படியானால் எப்போது, என்ன செய்வது? அச்சு மட்டத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கியிருந்தால் மறுநாள் காலை, வண்டியை அசைப்பதற்கு முன் வடிக்கும் பிளக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். இரவில் அடியில் தங்கியிருந்தால் முதல் துளிகளில் அதுதான் வரும். ஏற்கெனவே கலங்கிப்போன ஆயில் இப்படிப் பிரியாது, நிறமே காட்டிக்கொடுக்கும். வடித்துவிட்டு, மலிவான கியர் ஆயிலை ஊற்றிச் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி அதையும் வடித்து, பிறகு சரியான ஆயிலை ஊற்றலாம். எந்த வேலைக்கும் முன்னால் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வடித்து முடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைப்பதற்கு முன் பாருங்கள். விரலில் மை போல ஒட்டும் சாம்பல் நிறக் குழைவு சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் செதில் வந்தால், அப்போது டயல் கேஜ் வைத்திருக்கும் ஆளைத் தேட வேண்டும். தண்ணீரே காணாத வண்டிக்கும் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில், மேற்குச் சரிவில் ஐப்பசிக்கு முன் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பினியன் சீலை மட்டும் இந்த எளிய வேலைகளோடு சேர்க்க மாட்டேன். அது ஒரு மணி நேர வேலை என்று சொல்லி, காற்றுத் துப்பாக்கியால் நட்டை அவிழ்த்து அதே துப்பாக்கியால் இறுக்குகிறார்கள். பல ஆக்சில்களில் அந்த நட்டுக்கு உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது. பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. கூடுதலாக நசுக்கினால் பேரிங் சூடேறிச் சாகும், தளர்ந்தால் பினியன் முன்னும் பின்னும் ஆடும். அவிழ்ப்பதற்கு முன் நட்டின் இடத்தைக் குறித்து, சுழற்சி இறுக்கத்தை அளந்து, பிறகு அதே அளவுக்குக் கொண்டுவருகிறவரிடம் மட்டுமே இதைக் கொடுக்கலாம். தொடாதே என்ற வாக்கு முழுமையாகப் பொருந்தும் இடம் இது. வேடிக்கை என்னவென்றால், ஆயிலின் நிறத்தைப் பார்க்கப் பயப்படும் அதே ஒர்க்‌ஷாப்பில் இந்த நட்டு கூச்சமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும்.

கடைசியாகச் செலவு. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு, அதனால்தான் தள்ளிப்போடுகிறார். இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கை முழுக்கப் போட வேண்டும். இரண்டு மூன்று லிட்டர் ஆயிலுக்கும் ஒரு ரப்பர் குழாய்க்கும் ஆகும் செலவை ஒரு பக்கம் எழுதுங்கள். கிரவுன் பினியன் செட், நான்கு பேரிங், சீல்கள், ஷூ, கூலி ஆகியவற்றை இன்னொரு பக்கம் எழுதுங்கள். இந்த இரண்டாவது செலவு சீசன் உச்சத்தில், ஆறு பயணிகளோடு பாதி மலையில் வந்து நிற்கும்போது, அன்றைய வாடகையைத் திருப்பிக் கொடுப்பதையும் கீழேயிருந்து வேறு ஜீப் வரவழைப்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.